இடது பக்கக் கண்ணாடி

முதலில் ரெட்டிச்சாவடி சலூனுக்குத்தான் போனேன்.
சேவிங் முடித்த கையோடு சிட்டிபாபு
தாடையில் ஒரு கை, பின்மண்டையில் ஒரு கை,
டிவியில் ஓடிய கபடியைப் பார்த்தபடியே
ஒரு திருகு.
காலண்டர் முருகனுக்கே கேட்டிருக்கும் அந்தச் சத்தம்.
"போச்சுண்ணே எல்லாம்" என்றான்.
போனது தூக்கம்தான், அன்று ராத்திரியே.

மறுநாள் கடலூர் பஸ் ஸ்டாண்டில்
டீ கிளாஸைப் பிடித்தால்
கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும்
சூடு தெரியவில்லை.
கியர் போடுகிற கை அது.
முதலாளிக்குச் சொல்லவில்லை.
மனோரஞ்சிதத்துக்குப் பாதிதான் சொன்னேன்.
மீதியை, ராத்திரி முழுக்க
நான் தலையணை மாற்றிய கணக்கில்
அவளே எடுத்துக்கொண்டாள்.

அவள் இழுத்துப் போய் நிறுத்திய இடம்
முதலியார்பேட்டையில் ஒரு மாடி.
கைரோபிராக்டர் என்று பலகை.
ஒதில் அம்மாவின் படிப்பு பிரான்சில்,
பேச்சு நம் தெருவில்.
"வலி எங்க, முசே?"
நான் கையைக் காட்டினேன்.
அவர் கழுத்தைப் பார்த்தார்.

படத்தை விளக்கில் மாட்டினார்.
மண்டைக்குக் கீழே ஏழு எலும்பு,
ஏழு ஸ்டாப்பிங்.
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் மட்டும்
இடைவெளி நசுங்கிக் கிடந்தது.
"அழுத்துறது இங்க. மரத்துப்போறது அங்க."
எனக்கா புரியாது?
முருங்கப்பாக்கத்தில் லாரி படுத்தால்
மஞ்சக்குப்பத்தில் காத்து நிற்பவன்தானே
என்னைத் திட்டுகிறான்.

ஒரு சொடக்கு எடுத்து விடுங்களேன் என்றேன்.
மாட்டேன் என்றார்.
எலும்பு இடம் சேர்கிற சத்தம் இல்லையாம் அது,
மூட்டு நீரில் வாயுக் குமிழி.
"சோடா பாட்டில் தெறந்த சத்தத்துல
தாகம் தீந்துடுமா?"
விரல் மரத்தவன் கழுத்தை
ஸ்கேன் பார்க்காமல் திருப்பக்கூடாதாம்.
"சலூன்ல இனிமே முடியோட நிறுத்திக்குங்க."

பிறகு நாற்காலியில் உட்கார வைத்து
"பஸ் ஓட்டுங்க" என்றார்.
ஓட்டினேன்.
காற்றில் ஸ்டியரிங், காற்றில் கிளட்ச்.
மரப்பாலம் தாண்டி, அரியாங்குப்பம் தாண்டி,
தவளக்குப்பம் நெருங்கும்போது
பேனாவைத் தூக்கி நிறுத்தினார்.
"எதுக்கு இத்தன தடவ இடப்பக்கம் திரும்புறீங்க?
கண்ணாடி இருக்குமே."

இருக்கிறது.
கண்ணாடியில் படிக்கட்டு தெரியும்,
படிக்கட்டில் பைகள் தெரியும்,
பைகளுக்கு அந்தப் பக்கம்
ஒற்றைக் காலில் தொங்குகிறவன் தெரியமாட்டான்.
போன ஆடியில், கிருமாம்பாக்கத்தில்,
அப்படி ஒருவன் தெரியவில்லை.
விசில் கேட்டது. எடுத்தேன்.
அடுத்துக் கேட்டது விசில் இல்லை.

செத்துப்போகவில்லை. காறை எலும்பு. ஆறு வாரக் கட்டு.
கேஸும் இல்லை.
"எம்பையன் மேலதான் தப்பு டிரைவரே" என்று
ஆஸ்பத்திரி வாசலில் அவன் அப்பா
எனக்கு மோர் வாங்கிக் கொடுத்தார்.
அந்த மோர்
இன்னும் இறங்கவில்லை.

இதை எதையும் நான் சொல்லவில்லை.
"பழக்கம்மா" என்றேன்.
அவர் தாளில் எழுதிக்கொண்டார்: பழக்கம்.

ஸ்கேன் வந்தது. கத்தி வேண்டாம் என்றது.
வாரம் இரண்டு நாள் குப்புறப் படுத்தேன்;
தோள்பட்டைக்கு நடுவே
மாவு பதம் பார்ப்பதுபோல் மெல்ல அழுத்தினார்.
சத்தமே வரவில்லை, எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.
தாடையை உள்ளே இழுத்துப் பத்து எண்ணச் சொன்னார்.
ஆல்பேட்டை நெரிசலில் எண்ணுகிறேன்,
கோழி மாதிரி இருக்கிறதாம், கண்டக்டர் அந்துவான்
பயணிகளுக்கெல்லாம் காட்டுகிறான்.

உருண்டைக் கண்ணாடி ஒன்று,
என் காசு நூற்றெண்பது,
பழைய கண்ணாடிக்கு மேலே மாட்டியிருக்கிறேன்.
பைகளுக்கு அந்தப் பக்கமும் தெரிகிறது,
கொஞ்சம் வளைந்து, கொஞ்சம் சிறுத்து.
சுட்டுவிரலுக்கு டீயின் சூடு வந்துவிட்டது.
கட்டைவிரலுக்கு நாளாகும் என்கிறார் ஒதில் அம்மா.

எல்லா ஸ்டாப்பிங்கிலும்
கண்ணை மட்டும்தான் திருப்புகிறேன்.
கிருமாம்பாக்கத்தில் மட்டும்
கழுத்து தானாகப் போகிறது.
வலிக்கிறது.
பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.